அப்பாவின் கூட்டாளி பாய் எதைத்தான் நம்புகிறார்?

கேள்வி: சேலம் சிவதாபுரத்தில் எங்களுக்குக் கொலுசுப் பட்டறை. அப்பாவும் பாய் ஒருவரும் 26 வருடமாகச் சரிபாதிக் கூட்டு. போன தை மாதம் அப்பா இறந்துவிட்டார். இப்போது அவர் இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். பாய் நல்லவர்தான், ஆனால் அவரோடு ஒத்துப்போக முடியவில்லை. எந்த ஆர்டருக்குத் தேதி கேட்டாலும் "இன்ஷா அல்லாஹ்" என்கிறார். பேங்க்கில் ஓவர்டிராஃப்ட் எடுக்கலாம் என்றால் முடியவே முடியாது என்கிறார். வருடம் ஒருமுறை, அதுவும் ஒவ்வொரு வருடமும் வேறு தேதியில், இருக்கிற வெள்ளியை எல்லாம் நிறுத்து எழுதச் சொல்கிறார். ஆயுத பூஜைக்குப் பட்டறையைக் கழுவிவிட்டு, பொரிகடலை வரை வாங்கி வைத்துவிட்டு, சூடம் காட்டும்போது வாசலில் போய் நின்றுகொள்கிறார். பங்குனியில் பஸ்ஸில் மூன்று கிலோ சரக்கு தொலைந்தது. எனக்குத் தூக்கமே போய்விட்டது. அவர் அரபியில் ஏதோ சொன்னார், போலீஸ் ஸ்டேஷன் போய்வந்தார், மறுநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி வேலையைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை தொழுகைக்குக் கிளம்பும்போது கைலி, சட்டையை உதறி, தலையைக்கூடச் சீவி, தட்டில் கொட்டிவிட்டுப் போகிறார். நான் சந்தேகப்படுகிறேன் என்று குத்திக்காட்டுகிறாரா? அப்பாவை எடுப்பதற்கு முன்னால் கூட்டத்தில் நின்று "அண்ணன் யாருக்காவது பாக்கி தரவேண்டி இருந்தால் சொல்லுங்கள்" என்று வேறு கேட்டார். இரண்டு பேர் முன்னால் வந்தார்கள். அப்புறம் அவர்கள் எங்கள் பக்கம் வரவே இல்லை. இவர்கள் அடிப்படையில் எதைத்தான் நம்புகிறார்கள்? கூட்டை எழுதி வைத்துக்கொள்ளலாமா? கேட்டால் மனம் புண்படுமா? கணக்கு நோட்டின் நகல் இணைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம்.

பதில்:

தம்பிக்கு,

இதைப் போய் ஆடிட்டரிடம் கேட்கிறாரே என்று எங்கள் ஆபீஸ் பையன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செவ்வாய்ப்பேட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் முப்பது வருடமாகக் கூட்டு வியாபாரக் கணக்குகளைப் பார்க்கிறேன். கூட்டு உடையும்போது பேரேட்டில் தப்பு இருப்பது அபூர்வம். ஒருவர் செய்கிற காரியத்துக்கு இன்னொருவர் தானாக ஓர் அர்த்தம் வைத்துக்கொள்வார், உடைசல் அங்கேதான் ஆரம்பிக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் முஸ்லிம், ஆனால் ஆலிம் இல்லை, அதாவது மார்க்க அறிஞர் இல்லை. மார்க்கத் தீர்ப்பு சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. சின்ன வயதில் மதரஸாவில் ஓதியதும், பிற்பாடு ஹஜ்ரத்மார்களிடம், அதாவது மார்க்கம் சொல்லித்தரும் ஆசிரியர்களிடம், கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான் என் கைமுதல். உங்கள் கேள்விக்கு அது போதும் என்று நினைக்கிறேன்.

அந்த மதரஸா விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் திண்ணையில் நடக்கும். ஹஜ்ரத் பிரம்பைத் தரையில் தட்டத் தட்ட, தூக்கக் கலக்கத்தோடு நாங்கள் ராகம் போட்டுச் சொல்வோம்: "ஆமன்து பில்லாஹி..." அர்த்தம் ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. அல்லாஹ்வை நம்புகிறேன், அவனுடைய மலக்குகளை, அதாவது வானவர்களை நம்புகிறேன், அவன் அனுப்பிய வேதங்களை, தூதர்களை, இறுதி நாளை நம்புகிறேன், நல்லதோ கெட்டதோ விதி அவனிடமிருந்து வருகிறது என்பதை நம்புகிறேன். இந்த ஆறுதான். ஈமான் என்று சொல்வது இதைத்தான். உங்கள் பாய் ராவுத்தர் குடும்பமா உருது பேசுகிற குடும்பமா, தர்காவுக்குப் போகிறவரா போகாதவரா என்று எனக்குத் தெரியாது. பழக்கவழக்கத்தில் ஆயிரம் வித்தியாசம் இருக்கும். இந்த ஆறில் சுன்னி முஸ்லிம்களிடையே வித்தியாசம் கிடையாது.

இந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு சம்பவம் சொல்வார்கள். ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில், அதாவது நபிமொழித் தொகுப்பில், நபித்தோழர் உமர் அவர்கள் சொன்னதாக இருக்கிறது. வெள்ளை வெளேரென்று உடுத்திய ஒருவர், பயணம் வந்த அடையாளமே இல்லாமல், ஊரில் யாருக்கும் முகம் தெரியாமல், நேராக வந்து நபிகள் நாயகத்தின் முழங்காலோடு முழங்கால் முட்ட உட்கார்ந்தார். இஸ்லாம் என்றால் என்ன என்று முதலில் கேட்டார். கலிமா, தொழுகை, ஜகாத், நோன்பு, ஹஜ் என்று ஐந்தைச் சொன்னார் நபி. ஈமான் என்றால் என்ன என்று கேட்டார். மேலே சொன்ன ஆறும் பதிலாக வந்தன. மூன்றாவதாக இஹ்ஸான் என்றால் என்ன என்று கேட்டார். இறைவனை நேரில் பார்ப்பது போல வணங்குவது, நீ அவனைப் பார்க்காவிட்டாலும் அவன் உன்னைப் பார்க்கிறான் என்று வணங்குவது என்று பதில். வந்தவர் ஜிப்ரீல் என்கிற வானவர், உங்களுக்கு மார்க்கத்தைக் கற்றுத்தரத்தான் வந்தார் என்று அவர் போன பிறகு நபி சொன்னார்களாம்.

சரி, பட்டறைக்கு வருவோம். அந்தத் தட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வெள்ளி வேலையில் தூசுக்கும் விலை உண்டு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அரம் போடும்போது பறக்கிறது, மெருகு போடும்போது பறக்கிறது, கைலி மடிப்பில் உட்காருகிறது, தலைமுடியில் ஒட்டுகிறது. கை கழுவுகிற தண்ணீரைக்கூடச் சாக்கடையில் விடாமல் தொட்டியில் தேக்குகிறவர்கள் நீங்கள். பட்டறையைக் கூட்டிய மண்ணைச் சேர்த்துவைத்து உருக்கினால் அதிலும் வெள்ளி வரும். அந்த வெள்ளியில் பாதி உங்களுடையது. பாய் உதறாமல் போனால், உங்களுக்குச் சேரவேண்டிய ஏதோ சில மில்லிகிராம் அவர் உடம்போடு பள்ளிவாசலுக்குப் போகும்.

குர்ஆனில் 99-ஆவது அத்தியாயம் ரொம்பச் சின்னது, எட்டே வசனம். அதன் கடைசி இரண்டு வசனத்தின் சாரம் இது: அணுவளவு நன்மை செய்தவர் அதைக் காண்பார், அணுவளவு தீமை செய்தவரும் அதைக் காண்பார். அங்கே வருகிற அரபுச் சொல் தர்ரா. வெயில் கீற்றில் மிதக்குமே, அந்தத் துகளையும் சிற்றெறும்பையும் குறிக்கிற சொல் என்பார்கள். இதை ஐந்து வயதில் மனப்பாடம் செய்த மனிதர் ஐம்பது வருடமாக வெள்ளித் தூசுக்குள் உட்கார்ந்திருந்தால் கைலியை உதறாமல் என்ன செய்வார்? இரண்டாவது நம்பிக்கையும் இதோடு சேர்ந்தது. ஒவ்வொரு மனிதரோடும் எழுதுகிற வானவர்கள் இருக்கிறார்கள், கண்ணியமான எழுத்தர்கள், நீங்கள் செய்வதை அறிகிறார்கள் என்று 82-ஆவது அத்தியாயம் சொல்கிறது. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், லஞ்சம் வாங்காத, லீவு போடாத கணக்குப்பிள்ளைகள். ஐந்தாவது நம்பிக்கையான இறுதி நாளில் அந்தப் பேரேட்டைத்தான் கையில் கொடுப்பார்கள்.

அவர் உங்களுக்காக உதறவில்லை, தம்பி. உங்கள் அப்பா காலத்திலும் உதறியிருப்பார். பழைய வேலையாட்கள் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

எடை, அளவு என்று வந்தால் குர்ஆன் ரொம்பக் கடுமையாகப் பேசும். வாங்கும்போது நிறைய அளந்து வாங்கி, கொடுக்கும்போது குறைக்கிறவர்களுக்குக் கேடுதான் என்று ஓர் அத்தியாயமே ஆரம்பிக்கிறது, 83-ஆவது. டச், அதாவது வெள்ளியின் சுத்தம், குறைத்து அடிக்கிறவர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள், எங்கள் ஆட்களிலும் பார்த்திருக்கிறேன். நம்பிக்கை இருப்பதும் அதன்படி நடப்பதும் வேறு வேறு. உங்கள் பாய் நடக்கிறவர் போலத் தெரிகிறது, அவ்வளவுதான்.

ஆயுத பூஜை விஷயம் எளிது. முதல் நம்பிக்கை, மற்ற ஐந்துக்கும் வேர், இறைவன் ஒருவன் என்பது. 112-ஆவது அத்தியாயம் நாலே வரியில் இதைச் சொல்லி முடித்துவிடும். அவன் ஒருவன், யாரிடமும் தேவையில்லாதவன், யாரையும் பெறவில்லை, யாராலும் பெறப்படவும் இல்லை, அவனுக்கு நிகர் யாரும் இல்லை. அதனால் வணக்கம் என்கிற செயலை அவனைத் தவிர வேறு எதற்கும் ஒரு முஸ்லிம் செய்வதில்லை. நபிகள் நாயகத்துக்கும் கிடையாது. அவர் 632-இல் இறந்தபோது மக்கள் நிலைகுலைந்து நின்றார்கள். அவருடைய நெருங்கிய தோழர் அபூபக்கர் எழுந்து, முஹம்மதை வணங்கியவர்கள் முஹம்மது இறந்துவிட்டார் என்று தெரிந்துகொள்ளட்டும், அல்லாஹ்வை வணங்குகிறவர்களுக்கு அல்லாஹ் சாகாதவன் என்று சொன்னார். சொந்த நபிக்கே இப்படி என்றால், சுத்திக்கும் தராசுக்கும் சூடம் காட்டும் இடத்தில் பாய் நிற்க முடியாது. ஆனால் பிறர் வணங்குவதை ஏசாதீர்கள் என்றும் அதே குர்ஆன் சொல்கிறது, ஆறாவது அத்தியாயத்தில். பட்டறையைக் கழுவியதும் பொரிகடலை வாங்கியதும் உங்கள் அப்பா மேல் இருந்த மரியாதைக்கு. வாசலில் நின்றது அவருடைய ஈமானுக்கு. 26 வருடம் இரண்டும் ஒரே வாசலில் ஒத்துப்போயிருக்கின்றன.

வேதங்கள், தூதர்கள் இரண்டும் உங்கள் பட்டறைப் பிரச்சினையில் நேரடியாக வரவில்லை, ஆனாலும் கேட்டிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். குர்ஆன் மட்டுமே இறைவேதம் என்று முஸ்லிம் நம்புவதில்லை. மூஸாவுக்கு (மோசே) தவ்ராத், தாவூதுக்கு (தாவீது) ஸபூர், ஈஸாவுக்கு (இயேசு) இன்ஜீல் என்ற வேதங்கள் இறக்கப்பட்டன என்றும் நம்ப வேண்டும். கடைசியாக வந்தது குர்ஆன், 610-இல் மக்காவுக்குப் பக்கத்தில் ஹிரா குகையில் தொடங்கி சுமார் 23 வருடத்தில் முடிந்தது, 114 அத்தியாயம். அதில் 25 நபிமார்களின் பெயர் வருகிறது. எச்சரிக்கிறவர் ஒருவர் வராத சமுதாயமே இல்லை என்றும் ஒரு வசனம் இருக்கிறது. ஏற்காட்டில் காபித் தோட்ட வேலைக்குப் போகிற கிறிஸ்தவக் கிழவி ஒருத்தி, எங்கள் வீட்டில் ஈஸாவின் தாய் மர்யம் பெயரில் ஓர் அத்தியாயம் ஓதுவதைக் கேட்டு, "எங்க மாதாவா!" என்று வாயைப் பிளந்தது ஞாபகம் வருகிறது. 19-ஆவது அத்தியாயம் அது.

இனி இன்ஷா அல்லாஹ். உங்களுக்கு ரொம்ப எரிச்சல் மூட்டுவது இதுதான் என்று எழுத்திலேயே தெரிகிறது.

அல்லாஹ் நாடினால் என்பது பொருள். நாளைக்கு இதைச் செய்வேன் என்று சொல்லும்போது இறைவன் நாடினால் என்று சேர்க்காமல் சொல்லாதே என்று 18-ஆவது அத்தியாயத்தில் நபிக்கே கட்டளை வந்திருக்கிறது. நாளை நம் கையில் இல்லை என்று ஒப்புக்கொள்கிற பேச்சு அது. ஆறாவது நம்பிக்கையான விதியிலிருந்து வருகிறது. ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு. "இன்ஷா அல்லாஹ், சாயங்காலம் மேலே போய்ச் சேர்ந்துவிடுவேன்" என்று சொல்கிற டிரைவர் பிரேக்கைப் பார்க்காமலா வண்டியை எடுக்கிறார்? பார்க்காமல் எடுத்தால் அவர் விதியை நம்புகிறவர் இல்லை, சோம்பேறி.

இதை நானாகச் சொல்லவில்லை. ஒட்டகத்தைக் கட்டிப்போட்டுவிட்டு அல்லாஹ்மேல் பொறுப்பைப் போடவா, அவிழ்த்துவிட்டுப் போடவா என்று ஒருவர் நபியிடம் கேட்டார். கட்டு, அப்புறம் பொறுப்பைப் போடு என்று பதில் வந்தது, திர்மிதீ என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. உமர் கலீஃபாவாக, அதாவது ஆட்சித் தலைவராக, இருந்தபோது சிரியாவுக்குப் போகிற வழியில், அங்கே கொள்ளை நோய் பரவியிருப்பதாகச் சேதி வந்தது. திரும்பிப் போகலாம் என்றார். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அங்கே படைத்தளபதியாக இருந்த அபூ உபைதா கேட்டார். ஆமாம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கு ஓடுகிறோம் என்றார் உமர். பள்ளத்தாக்கின் ஒரு கரை பசேலென்றும் மறு கரை காய்ந்தும் இருந்தால் உன் ஒட்டகத்தை எங்கே மேய்ப்பாய், எங்கே மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதிதானே என்று திருப்பிக் கேட்டார். விதியைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

அதனால் உங்கள் பாயிடம் கேட்கவேண்டியது தேதியைத்தான். அவர் இன்ஷா அல்லாஹ் என்று சொல்லட்டும், நீங்கள் விடாமல் "எந்தத் தேதி மாமா?" என்று கேட்டு ஆர்டர் நோட்டில் எழுதுங்கள். ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்பது ஐந்தாவது அத்தியாயத்தின் முதல் வசனம். அந்த வார்த்தையைச் சாக்காக வைத்துத் தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கே ஒரு கட்சிக்காரர் ஃபீஸ் விஷயத்தில் மூன்று வருடமாக இன்ஷா அல்லாஹ் சொல்லிக்கொண்டிருக்கிறார். உங்கள் பாய் அந்த ரகமா என்று ஆர்டர் நோட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். நீங்கள் அனுப்பிய நகலில் பதினோரு ஆர்டர் இருக்கிறது, இரண்டுதான் தாமதம். அதில் ஒன்று அப்பா இறந்த வாரம்.

சரக்கு தொலைந்தபோது அவர் சொன்னது "இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்" என்பதாக இருக்கும். நாம் அல்லாஹ்வுக்கு உரியவர்கள், அவனிடமே திரும்பிப் போகிறவர்கள் என்று பொருள். சாவுக்கு மட்டும் சொல்வது என்று நினைப்பார்கள், எந்த இழப்புக்கும் சொல்வதுதான். கைவிட்டுப் போனதற்காக நொந்துபோகாமலும் கைக்கு வந்ததற்காகத் தலைகால் தெரியாமல் ஆடாமலும் இருக்கவே எல்லாம் முன்பே எழுதப்பட்டிருப்பதைச் சொல்கிறோம் என்கிற கருத்தில் 57-ஆவது அத்தியாயத்தில் ஒரு வசனம் வருகிறது. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனவர் யார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒட்டகத்தைத் தேடிப் போய்விட்டுத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறார். மூன்று கிலோவில் ஒன்றரை கிலோ அவருடையதும்தானே.

ஸ்டாக் எடுப்பது ஜகாத்துக்கு. அதற்கு அடியில் இருக்கிற நம்பிக்கை, சொத்துக்கு உண்மையான சொந்தக்காரன் அல்லாஹ், நம் கையில் இருப்பது பொறுப்பு மட்டும் என்பது. டிரஸ்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட அளவுக்கு மேல் செல்வம் இருந்து ஒரு வருடம் ஆனால் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது இரண்டரை சதவீதம், ஏழைகள் முதலான எட்டு வகையினருக்குப் போக வேண்டும். வெள்ளிக்கு அந்த அளவு 200 திர்ஹம், அந்தக் கால வெள்ளிக் காசு. கிராமில் 595 என்பவர்களும் 612 என்பவர்களும் உண்டு. வருடம் என்பது பிறைக் கணக்கு வருடம், 354 நாள், அதனால்தான் நம் காலண்டரில் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னால் வருகிறது. பட்டறையின் சொந்த வெள்ளி பத்துக் கிலோ என்றால் அவர் பாதி ஐந்து கிலோ, அந்த வெள்ளிக்கு அவர் கொடுக்கவேண்டியது 125 கிராம் அல்லது அதன் விலை. கூலிக்குச் செய்து தரச் சொல்லி வியாபாரி கொடுத்த வெள்ளி கணக்கில் வராது. மெஷின், தராசு, கட்டடமும் வராது. உங்கள் பாதியிலிருந்து ஒரு கிராம் எடுக்கக்கூட அவருக்கு மார்க்கத்தில் அனுமதி இல்லை. ஒரு நன்மை பாருங்கள், வருடா வருடம் கிராம் சுத்தமாக ஸ்டாக் எடுக்கிற பட்டறைகள் என் கட்சிக்காரர்களில் ரொம்பக் கொஞ்சம்.

ஓவர்டிராஃப்ட் விஷயத்தில் அவரை மாற்ற முயல வேண்டாம். வட்டி வாங்குவது மட்டுமில்லை, கொடுப்பதும் தடை. வாங்குபவர், கொடுப்பவர், எழுதுபவர், சாட்சி நிற்பவர் எல்லாரையும் ஒன்றாகச் சேர்த்துக் கண்டிக்கிற ஹதீஸ் இருக்கிறது. எழுதுபவர் என்கிற இடம் வரும்போது ஆடிட்டரான எனக்கு வயிற்றைக் கலக்கும், அது என் பாடு. வெள்ளியைப் பணத்துக்கு வாங்கும்போது கொடுக்கல் வாங்கல் அங்கேயே கையோடு முடிய வேண்டும் என்று ஹதீஸை வைத்து ஆலிம்கள் பலர் சொல்வதால், கட்டி வெள்ளியைக் கடனுக்கு எடுக்கவும் தயங்குவார். அதற்கு வேறு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

இப்போது உங்கள் கடிதத்தில் கடைசியில் வேகமாகத் தாண்டிப் போன இடத்துக்கு வருகிறேன். அப்பாவை எடுப்பதற்கு முன்னால் பாய் கேட்டது. மற்றதெல்லாம் எரிச்சல், கோபம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அப்பா கடன்காரர் என்று ஊர் முன்னால் சொன்ன மாதிரி உங்களுக்குப் பட்டிருக்கிறது.

எங்கள் வீடுகளில் மையித்தை, அதாவது இறந்தவர் உடலை, எடுத்துத் தொழ வைப்பதற்கு முன்னால் மகனோ அண்ணன் தம்பியோ எழுந்து நிற்பார்கள். இவர் யாருக்காவது கொடுக்கவேண்டியது இருந்தால் என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள், யாருக்காவது மனக்குறை இருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று சொல்வார்கள். என் அத்தாவுக்கு, என் அப்பாவுக்கு, நான் சொன்னேன். தொண்டை அடைத்துப் பாதியில் நின்று, என் மாமா முடித்துக் கொடுத்தார். இதற்குப் பின்னாலும் ஒரு சம்பவம். கடனோடு இறந்த ஒருவருக்குத் தொழ வைக்க நபி முன்வரவில்லை, உங்கள் நண்பருக்கு நீங்களே தொழுதுகொள்ளுங்கள் என்று ஒதுங்கினார். அபூ கதாதா என்பவர் எழுந்து அந்தக் கடன் என் பொறுப்பு என்றார். அப்புறம்தான் தொழுகை நடந்தது. இறைவன் பாதையில் உயிரைக் கொடுத்தவருக்குக்கூடக் கடனைத் தவிர மற்றதெல்லாம் மன்னிக்கப்படும் என்று இன்னொரு ஹதீஸ். இறுதி நாளை நம்புகிறவருக்கு ஓர் ஆள் கடனோடு போவதைவிடப் பயங்கரம் வேறு இல்லை.

ரத்த சொந்தம் செய்கிற அந்தக் காரியத்தை உங்கள் அப்பாவுக்காகப் பாய் எழுந்து நின்று செய்திருக்கிறார். உங்கள் வழக்கத்தில் அது சாவு வீட்டில் பேசக்கூடாத பேச்சு என்று அவருக்கு அந்த நேரத்தில் தோன்றியிருக்காது. தோன்றியிருக்க வேண்டும் என்றால், சரி, அது அவர் தப்புதான்.

கணக்கு நோட்டின் நகலில் ஒன்றைப் பார்த்தேன். பாயின் சொந்த எடுப்பு மாதம் முப்பதாயிரத்தைத் தாண்டுவதில்லை. மாசி மாதத்தில் மட்டும் இரண்டு தடவையாக ஒரு லட்சத்து நாற்பதாயிரம் எடுத்திருக்கிறார், முழுக்கத் தன் பற்றில். அந்த இரண்டு பேர் அப்புறம் உங்கள் பக்கம் வரவே இல்லை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நான் எதையும் முடிவாகச் சொல்லவில்லை. அவர்களைப் போய்ப் பாருங்கள். நான் நினைப்பது சரியாக இருந்தால் அந்தப் பணம் நீங்கள் பாய்க்குக் கொடுக்கவேண்டியது.

எழுதி வைப்பது பற்றி. தாராளமாகக் கேளுங்கள், கேட்டே ஆக வேண்டும். 1932-ஆம் வருடக் கூட்டாண்மைச் சட்டப்படி, பங்குதாரர் இரண்டே பேர் இருந்து ஒருவர் இறந்துவிட்டால் அந்தக் கூட்டு அன்றோடு கலைந்துவிட்டது. தை மாதத்திலிருந்து நீங்கள் இருவரும் சட்டத்தில் பெயர் இல்லாத ஏதோ ஒன்றை நடத்திக்கொண்டிருக்கிறீர்கள். பழைய கணக்கை முடித்து அப்பாவின் பங்கு எவ்வளவு என்று பிரித்து, அதில் அம்மாவுக்கும், கூடப்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் உள்ள உரிமையைப் பார்த்து, புதிதாகப் பத்திரம் போட வேண்டும். பான், ஜிஎஸ்டி, பேங்க் கணக்கு எல்லாம் புதிது.

மனம் புண்படுமா? குர்ஆனிலேயே ஆக நீளமான வசனம் எது தெரியுமா? இரண்டாவது அத்தியாயத்தின் 282-ஆவது வசனம். சொர்க்கம் நரகம் பற்றியது இல்லை அது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவையுங்கள், எழுத்தர் நியாயமாக எழுதட்டும், சாட்சி வையுங்கள், சிறிய தொகை பெரிய தொகை என்று பார்த்துச் சலித்துக்கொள்ளாதீர்கள் என்று ஒரு பக்கத்துக்கு நீள்கிறது. "மாமா, உங்கள் வேதமே எழுதச் சொல்கிறதாமே" என்று ஆரம்பியுங்கள். சிரிப்பார். வேறு மதத்தவரோடு கொடுக்கல் வாங்கல் அவருக்குப் புதிதும் இல்லை, நெருடலும் இல்லை. 622-இல் நபி மக்காவிலிருந்து மதீனாவுக்கு உயிர் தப்பிப் போனபோது வழிகாட்டியாக நம்பிக் கூலிக்கு அமர்த்தியவர் முஸ்லிம் இல்லை.

பத்திரத்தில் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். பங்குதாரர் முதலுக்கு மேல் பணம் போட்டால் அதற்கு ஆறு சதவீதம் வட்டி என்று அதே சட்டத்தின் 13-ஆவது பிரிவு சொல்கிறது, பத்திரத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் அதுதான் செல்லும். வட்டி கிடையாது என்று வெளிப்படையாக எழுதச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பாய் கையெழுத்துப் போடமாட்டார். அதற்குப் பதில், ஓவர்டிராஃப்ட் எடுக்க நினைத்த தொகையை நீங்கள் கூடுதல் முதலாகப் போட்டு லாபத்தில் உங்கள் விகிதத்தை ஏற்றிக்கொள்ளுங்கள். லாபம் பேசிக்கொண்டபடி, நஷ்டம் முதல் விகிதப்படி என்பது அவர் மார்க்கத்துக்கும் ஒத்துவரும், சட்டத்துக்கும் ஒத்துவரும். புது மெஷினைத் தவணையில் வாங்கினால் மொத்த விலையை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள், தாமதத்துக்கு வட்டி என்ற வரி மட்டும் இருக்கக் கூடாது.

பேசுவதற்கு வெள்ளிக்கிழமை மத்தியானம் வேண்டாம். அவர் தொழுதுவிட்டு வந்து டீ குடித்த பிறகு உட்காருங்கள். அந்த இரண்டு பேரைப் பார்த்துவிட்டு, பணத்தோடு போங்கள். வருடக் கடைசியில் தூசை உருக்கி வருகிற வெள்ளி யாருக்கு எவ்வளவு என்று பத்திரத்தில் ஒரு வரி சேர்த்துக்கொண்டு போனால் நல்லது. பெரும்பாலான பத்திரங்களில் அது இருக்காது, ஆனால் பாய் கேட்பார்.